கடன் வாங்கிய பி.டி. பீரியட்

கணக்குப் பாடத்தில் எனக்கு ஜெபக்கனியைக் கண்டாலே ஆகாது. அறிவியலில் அவள்தான் என் உயிர்த்தோழி. தமிழில் அவள் எனக்கு முறுக்கு தருகிற பிள்ளை, அவ்வளவுதான். முறுக்கு கொண்டுவராத நாளில் அவள் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சமூக அறிவியலில் அவள் வகுப்புத் தலைவி, நான் நிரந்தரக் குற்றவாளி. ஆங்கிலத்தில் இருவருமே வாயைத் திறப்பதில்லை என்பதால் அங்கே எங்களுக்குள் பகையும் கிடையாது, உறவும் கிடையாது.

இத்தனைக்கும் அவள் ஒரே ஜெபக்கனிதான். நானும் ஒரே சண்முகவடிவுதான், எட்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு, தூத்துக்குடி.

இப்போது மே மாதம். காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த பட்டையை சர்வீஸ் செய்ய வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் எட்டாம் வகுப்பு முழுக்க நான் படித்தது, பேசியது, திட்டியது, திட்டு வாங்கியது எல்லாம் ஒரே நாளில் மண்டைக்குள் வந்து இறங்கிவிட்டன. சொல்லாமல் கொள்ளாமல் சொந்தக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்கிய வீடு மாதிரி உள்ளே ஒரே அமளி. கணக்கு வடிவு செய்ததைப் பார்த்து அறிவியல் வடிவு தலையில் அடித்துக்கொள்கிறாள். தமிழ் வடிவு ஓரமாக உட்கார்ந்து தின்கிறாள். எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

பட்டை வந்தது போன ஜூனில். பள்ளி திறந்த வாரமே பெற்றோர் கூட்டம் போட்டு, டை கட்டிய ஒரு அண்ணனை மேடையில் ஏற்றினார்கள். அவர் கம்பெனி ஆள்.

"உங்க பிள்ளைங்க மார்க் வாங்காததுக்குக் காரணம் மூளை இல்லாததில்ல. மூளையில எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோறதுதான்" என்றார் அவர். "கணக்குப் போடும்போது காலையில நடந்த தமிழ்ப் பாட்டு ஓடுது. சரித்திரம் படிக்கும்போது தவளையோட இதயத்துக்கு எத்தனை அறைன்னு யோசனை வருது. இந்தப் பட்டை போட்டா அந்தத் தொல்லையே கிடையாது."

"அப்ப மத்த பாடமெல்லாம் மறந்துராதா தம்பி?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"மறக்காதும்மா. ஒரு வீட்டுல அஞ்சு ரூம் இருக்குன்னு வச்சுக்கங்க. கணக்கு ரூம்ல லைட் எரியும்போது மத்த ரூம் பூட்டி இருக்கும். சாமான் எங்கயும் போகாது. பெல் அடிச்சதும் இது பூட்டிக்கும், அடுத்தது திறக்கும். எல்லாம் டைம்டேபிள்படி நடக்கும்."

"வீட்டுக்கு வந்தா?"

"அஞ்சு ரூமும் பூட்டிருக்கும். பிள்ளைங்க நிம்மதியா இருக்கும். வீட்டுப்பாடம் எழுதும்போது எந்தப் பாடமோ அத மட்டும் திறந்துக்கலாம்."

பின்வரிசையில் நின்றிருந்த ஒருவர் கையைத் தூக்கினார். உப்பு லாரி ஓட்டுகிறவர், நேராக வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்தார். "பேரு, ஊரு, அப்பன் ஆத்தா யாருங்கறதெல்லாம் எந்த ரூம்ல இருக்கும்?"

"அதெல்லாம் வராண்டா மாதிரிண்ணே. எப்பவும் திறந்தே கிடக்கும்."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அவர்தான் ஞானதுரை, ஜெபக்கனியின் அப்பா. என் அம்மா எழுந்து, டி.வி. பார்ப்பதற்கு ஒரு ரூம் வைத்து அதை நிரந்தரமாகப் பூட்ட முடியுமா என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நியாயமாகச் சொன்னால் பட்டை சொன்னதைச் செய்தது. ஏழாம் வகுப்பில் ஐம்பதுக்கே மூச்சு வாங்கியவள் நான், எட்டாம் வகுப்பில் எண்பதைத் தாண்டினேன். அம்மா தெருவில் ஒரு வீடு பாக்கி விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் ஒரு விஷயத்தைக் கம்பெனி யோசிக்கவில்லை. ஒரு பீரியடில் பாடம் மட்டுமா நடக்கிறது? பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுவது, கிள்ளு வாங்குவது, சிரிப்பது, கோபித்துக்கொள்வது எல்லாமே அங்கேதானே நடக்கிறது? அவையும் அந்தந்த ரூமுக்குள்ளேயே போய்ப் பூட்டிக்கொண்டன.

ஜெபக்கனி அந்த வருடம்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். கணக்கில் நான் பாதி எழுதுவதற்குள் "சார், முடிச்சிட்டேன்" என்று எழுந்து நிற்பாள். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த மணிக்கு அறிவியல் ஆய்வகத்தில் நாங்கள் ஒரே மேஜை. அங்கே எனக்குக் கணக்கில் வந்த கோபம் ஞாபகம் இருக்காது. சோதனைக்குழாயை நான் பிடிப்பேன், அவள் ஊற்றுவாள், இருவரும் காரணமே இல்லாமல் சிரிப்போம். அதற்கும் அடுத்த மணிக்கு, பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் வேலையில் அவள் நிற்பாள். முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். வெளியே முட்டி போட்டுக்கொண்டு நான் அவளைச் சபிப்பேன். மத்தியானம் சாப்பிடும்போது எல்லா ரூமும் பூட்டி, அவள் யார் என்றே தெரியாமல் தூக்குவாளியுடன் அவளைத் தாண்டிப் போவேன்.

பகையும் நட்பும் ஒரே பிள்ளையிடம் வைத்திருந்தும் ஒரு நிமிடம்கூடக் குழப்பம் இல்லாமல் இருந்தேன். அப்படி ஒரு கெட்டிக்காரி.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை போட்டவர் கணக்கு வாத்தியார் பால்துரை சார். அதுவும் அவருக்கே தெரியாமல்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. பட்டைக்கு டைம்டேபிள் எழுதிய ஆள், பி.டி. வந்ததும் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை. அதை ஒரு பாடம் என்று அவர் நினைக்கவே இல்லை, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். காலியாக இருந்தால் பட்டை தூங்கிவிடும். பட்டை தூங்கினால் ஐந்து ரூமும் திறந்துகொள்ளும். அப்போது தெரிந்துகொள்வது எதுவும் எந்த ரூமுக்கும் போகாமல் வராண்டாவிலேயே தங்கிவிடும்.

முதல் சில வாரம் இது யாருக்கும் தெரியவில்லை. பி.டி. வாத்தியார் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருந்தார். எங்களைத் தலையை மேஜையில் கவிழ்த்துப் படுக்கச் சொன்னார்கள். நாங்களும் மனச்சாட்சியோடு தூங்கினோம். அதற்கப்புறம்தான் பால்துரை சார் சாக்பீஸோடு வந்து நின்றார்.

"போர்ஷன் முடியல பிள்ளைகளா. இந்த ஒரு வாரம் மட்டும் பி.டி.யக் கடன் வாங்கிக்கிடுதேன். அடுத்த வாரம் திருப்பித் தந்துருதேன்."

உலகத்தில் எந்தக் கணக்கு வாத்தியாரும் இந்தக் கடனைத் திருப்பித் தந்ததில்லை. நாங்கள் வழக்கம்போல் "அய்யோ சார்" என்று முனகிவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தோம். ஜெபக்கனி எழுந்து, "சார், முடிச்சிட்டேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் அவளோடு சோதனைக்குழாய் பிடித்துச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. முறுக்கும் ஞாபகம் வந்தது. பலகையும் வந்தது.

அவளும் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்தது.

"ஏட்டி, நீயா அது?" என்றாள்.

"நீதானா என் பேரை எழுதுறவ?"

"நீதானா சயின்ஸ்ல என் கையப் பிடிச்சுட்டே நிக்கவ?"

வகுப்பு முழுக்க இதேபோல் விசாரணைகள் நடந்தன. ஒரு பையன் தன் எதிரியும் தன் கூட்டாளியும் ஒரே ஆள் என்று தெரிந்து இன்னொரு பையனை அடித்துவிட்டு, உடனே கட்டியும் பிடித்தான். பால்துரை சார் டஸ்டரால் மேஜையைத் தட்டி, "வெள்ளிக்கிழமைன்னா உங்களுக்கு என்னதான் ஆகுது?" என்று கத்தினார்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நாங்கள் மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டோம். ஆனால் ரூம்களுக்குள் பழைய சாமான் அப்படியேதான் கிடந்தது. ஜெபக்கனி என் தோழி என்ற செய்தி கணக்கு பீரியடிலும் எனக்குத் தெரியும். யாரோ ஊரில் யாருக்கோ கல்யாணம் என்று கேள்விப்படுவது போலத் தெரியும். அவள் "முடிச்சிட்டேன்" என்றதும் வருகிற எரிச்சல் மட்டும் சொந்தமாக வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில்தான் நான் ஒருத்தியாக இருந்தேன். அதைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. உப்பளக் கணக்கு வந்த நாளைச் சொல்கிறேன்.

பால்துரை சார் பலகையில் ஒரு தொட்டியும், ஒரு உப்புப் பாத்தியும் வரைந்தார். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். தொட்டியின் நீளம், அகலம், ஆழம் இவ்வளவு, பாத்தியின் ஆழம் இவ்வளவு என்றால், பாத்தியின் பரப்பு எவ்வளவு? நாங்கள் போட்டுக்கொண்டிருந்தோம். ஜெபக்கனி மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், தொட்டியில ஊத்துனா சீக்கிரம் வத்தாதுல்லா? பரப்பு கூடுனாத்தான வத்தும்?"

"வத்துறதெல்லாம் கணக்குல வராதும்மா."

"வெள்ளிக்கிழம வரும் சார்."

பிறகு என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள். அவள் கண் இரண்டும் பெரிதாகி இருந்தன. "ஏட்டி வடிவு, இங்க பாரு. ஏன் பாத்திய இவ்வளவு அகலமா, இவ்வளவு ஆழமில்லாம வெட்டுதாங்க? வெயிலும் காத்தும் நிறைய இடத்துல படணும். அது சயின்ஸு. எந்த அளவுக்கு அகலம்ங்கறது கணக்கு. அந்தக் காத்து ஏன் இங்க வறண்ட காத்தா வருது? மலைக்கு அந்தப் பக்கமே மழைய எல்லாம் கொட்டிட்டு வெறுங்கையோட வருது. அது சோஷியலு. மூணு பாடத்துலயும் ஒரே உப்பளத்தத்தான்ட்டி நடத்திருக்காங்க. ஆளுக்கொரு மூலையில நின்னுக்கிட்டு."

பதின்மூன்று வருடம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். பஸ்ஸில் அந்த இடம் வந்தால் தூங்கிவிடுவேன். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன், அதுவும் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. "கணக்குப் போட்டா அழற மொத ஆளு நீதான்மா, தப்பா வந்துச்சா?" என்று பால்துரை சார் கேட்டார்.

அந்த உப்பளம்தான் ஜெபக்கனிக்கு வினையாக வந்தது. அரையாண்டுத் தேர்வில் சமூக அறிவியல் தாளில், 'தூத்துக்குடிக் கடற்கரையில் உப்பளங்கள் அமைந்திருக்கக் காரணம் தருக' என்று ஒரு கேள்வி. கைடில் நான்கு பாயிண்ட் இருந்தன. எனக்கும் அந்த வெள்ளிக்கிழமை வராண்டாவில் இருந்தது, எழுதியிருக்கலாம். கைடில் இல்லாததை எழுதி மார்க்கை இழக்க எனக்கென்ன பைத்தியமா? நான்கு பாயிண்டையும் எழுதி, கோடு போட்டுவிட்டு வந்தேன். ஜெபக்கனி பக்கம் பக்கமாக எழுதினாள். ஆவியாதல் எழுதினாள், பரப்பளவுக்குச் சூத்திரம் எழுதினாள், பாத்தியின் படம்கூட வரைந்தாள்.

சமூக அறிவியல் ஆசிரியை கோமதி மிஸ் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபால் சாரிடம் போனார். சமூக அறிவியல் தேர்வில் அறிவியலும் கணக்கும் வந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான்: பிள்ளை பட்டையைக் கழற்றியிருக்கிறாள். அது காப்பி அடிப்பதைவிடப் பெரிய குற்றம். மற்ற பெற்றோர்கள் கேள்வி கேட்பார்கள், கம்பெனி ஒப்பந்தம் போய்விடும். டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவே ஆகிவிட்டது.

அவளோடு ஒரே பெஞ்சில் இருப்பவள் என்று சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது சமூக அறிவியல் பீரியடில். அதாவது, ஜெபக்கனியைக் கண்டாலே ஆகாத இரண்டு வடிவுகளில் ஒருத்தி போனாள். போதாததற்கு அன்றைக்கும் பீரியட் தொடங்கியதிலிருந்தே முட்டி போட்டிருந்தாள்.

பிரின்சிபால் அறையில் ஜெபக்கனி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதையும் மறுக்கவில்லை, எதையும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"இவ பட்டையக் கழட்டி நீ பாத்தியா?" என்று பிரின்சிபால் கேட்டார்.

"ஆமாம்" என்று சொல்ல வாய் துடித்தது. ஒரே ஒரு சொல், பலகையில் என் பெயரை எழுத ஆளே இருக்காது. என்னிடம் அவள்மேல் துளிப் பிரியம் அப்போது இல்லை. ஆனால் வராண்டாவில் அந்தச் செய்தி கிடந்தது. அவள் அதை எங்கே கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரியும்.

"கழட்டல சார். அவ அத வெள்ளிக்கிழமை பி.டி. பீரியட்ல யோசிச்சா. அப்ப பட்டை தூங்கிரும். எல்லாருக்கும் எல்லாமும் ஞாபகம் வரும்."

"பி.டி. பீரியட்ல யாராவது உப்பளத்தப் பத்தி யோசிப்பாங்களா? கிரவுண்ட்லல்லா இருப்பீங்க?"

"கணக்கு நடக்கும் சார்."

கோமதி மிஸ் வேறு பக்கம் பார்த்தார். அவரும் எப்போதாவது கடன் வாங்கியிருப்பார் போல.

"நீ இவளுக்கு ஃப்ரெண்டா?" என்றார் பிரின்சிபால், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து.

"இல்ல சார். இப்ப எனக்கு இவளக் கண்டாலே ஆகாது."

அதில் இருந்த உண்மை என் முகத்திலேயே எழுதியிருந்திருக்க வேண்டும். பிடிக்காதவளுக்காக எவள் பொய் சொல்லுவாள் என்று அவர் நம்பிவிட்டார். பால்துரை சாருக்கு ஆள் போனது. அவர் வந்து, கையில் சாக்பீஸ் தூளோடு, "சார், போர்ஷன முடிங்க முடிங்கன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார். பிரின்சிபாலுக்கு இருமல் வந்துவிட்டது.

ஜெபக்கனிக்கு டி.சி. இல்லை என்று ஆனது. எனக்குள்ளே பெரிய ஆளாகிவிட்ட மிதப்பு. பிடிக்காதவளையே காப்பாற்றியவள் அல்லவா நான்! பள்ளி முழுக்க இதே பேச்சாக இருந்ததால் செய்தி வராண்டாவுக்கும் வந்துவிட்டது. அடுத்த வாரம் கம்பெனி அண்ணன் வந்து, டைம்டேபிளில் காலியாக இருந்த அந்த இடத்தையும் நிரப்பிவிட்டுப் போனார். பி.டி.க்கும் ஒரு ரூம், அதற்கும் ஒரு பூட்டு. பால்துரை சாரைத் தண்டனையாகக் காலையில் வேன் வரிசையை ஒழுங்குபடுத்தச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கிரவுண்டில் கோ-கோ விளையாடினோம். கோ-கோவைத் தவிர எதுவும் ஞாபகம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் ஜெபக்கனி தூக்குவாளியை டக்கென்று வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"ஒன்ன யாருட்டி காப்பாத்தச் சொன்னா?"

நான் வாயைப் பிளந்தேன்.

"எங்க மாமா மக கவர்மெண்ட் ஸ்கூல்ல படிக்கா. அங்க பட்டை கிடையாது. எல்லா நாளும் அவளுக்கு வெள்ளிக்கிழமைதான். நானும் அங்க போறேன்னு அப்பாட்ட எத்தன வாட்டி சொன்னேன் தெரியுமா? பெரிய ஸ்கூலு, பட்டை எல்லாம் தாராங்க, ஒனக்கென்ன கிறுக்கான்னு சொல்லிட்டாரு. இவங்களே டி.சி. குடுத்து வெரட்டினாத்தான் அவரு அங்க சேப்பாரு. அதுக்குத்தான் அந்தப் பதிலயே எழுதுனேன். பேசாம நின்னேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ முழு ஆளா இருக்கும்போது வெள்ளிக்கிழம சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வெள்ளிக்கிழமையையே ஒழிச்சிட்ட."

அவள் அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. என் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் இது, அதையும் இப்படிச் செய்து வைத்திருக்கிறேன். யாராவது கடலில் நீந்திக்கொண்டிருந்தால் மூழ்குகிறார் என்று நினைத்து முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போடுகிற ஆள் நான்.

இதோடு விட்டார்களா? பள்ளி என்னை விளம்பரப் பலகை ஆக்கியது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பிடிக்காத தோழிக்காகவும் உண்மை பேசிய மாணவி என்று என்னை மேடையில் ஏற்றினார்கள். பட்டை அறிவை மட்டுமல்ல, ஒழுக்கத்தையும் வளர்க்கிறது என்று கம்பெனி அண்ணன் பேசினார். அம்மா எனக்குத் தலைகொள்ளாமல் பூ வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மனப்பாடம் செய்த நாலு வரியைத் தடுமாறாமல் ஒப்பித்தேன். கைதட்டல்.

"பிள்ளைட்ட எது வேணாலும் கேளுங்க" என்றார் கம்பெனி அண்ணன், உற்சாகத்தில்.

பின்வரிசையில் ஞானதுரை எழுந்தார். பக்கத்தில் ஜெபக்கனி.

"ஏ பாப்பா, எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். மத்தியான வெயில்ல ஓட்டும்போது லாரி டயரு படார்னு வெடிக்குதே, அது ஏன்? எனக்குப் படிப்பு கிடையாது. நீங்க படிச்சிருப்பீங்க."

நான் யோசித்தேன். எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. அந்த எங்கேயோவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. அது சாயங்கால நேரம்.

"தெரியல மாமா."

"சரி விடு. ஏ கனி, நீ சொல்லு. நீயும் இதே கிளாஸ்தான?"

ஜெபக்கனி தரையைப் பார்த்தாள். "திங்கக்கிழம மூணாவது பீரியட்ல சொல்லுதேன்ப்பா."

அவருக்குப் புரியவில்லை. மேடையில் கம்பெனி அண்ணன் டேப்லெட்டைத் தடவிக்கொண்டே என் காதருகில் குனிந்தார். "ஒரு செகண்ட். சயின்ஸத் திறந்துவிடுதேன், டக்குனு சொல்லிரு."

சொல்லியிருக்கலாம். சொன்னால் கைதட்டுவார்கள், அம்மா சிரிப்பாள், ஜெபக்கனி எங்கள் பள்ளியிலேயே இருப்பாள், ஆய்வக மேஜையில் என் பக்கத்திலேயே நிற்பாள். எனக்கு அவள் வேண்டும். பூட்டுக்கு வெளியே நின்றுகூட அது எனக்குத் தெரிந்தது. அவளைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பட்டையைக் கையால் மூடிக்கொண்டு ஒதுங்கினேன். "வேண்டாம்ண்ணே. மாமா இப்பக் கேக்காங்க. இப்ப எங்களுக்குத் தெரியாது." பிறகு மைக்கில் சத்தமாகவே சொன்னேன். "மாமா, ஸ்கூல் விட்டா எங்களுக்கு எதுவுமே தெரியாது. கணக்குல சயின்ஸ் தெரியாது. சயின்ஸ்ல சோஷியல் தெரியாது. எண்பத்திரண்டு மார்க் வாங்கிருக்கேன், எதுலன்னு கேட்டா வீட்டுல போய்த் திறந்து பாக்கணும்."

சிலர் சிரித்தார்கள். ஞானதுரை சிரிக்கவில்லை. அவர் மகளின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"நெசமாட்டி?"

அவள் தலையாட்டினாள்.

"வண்டியில ஒன்னக் கூட்டிட்டுப் போகும்போது நீ ஒண்ணுமே பேசாம வருவ. பெரிய ஸ்கூல்ல படிக்க பிள்ள, நம்மகிட்ட என்ன பேசும்னு நான் நெனச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு மேடையைப் பார்த்து, "எனக்குத் தெரியாதத எம்பிள்ள சொல்லும்னுதான் சார் சேத்தேன். அதுட்ட ஒரு வார்த்த கேக்கணும்னா ஒங்க கம்பெனியக் கேட்டுட்டுக் கேக்கணுமோ? டி.சி.யக் குடுத்துருங்க."

கம்பெனி அண்ணன் என்னென்னவோ சொன்னார். ஞானதுரை கேட்கவில்லை. மகளின் காதுக்குப் பின்னாலிருந்து பட்டையை அவரே கழற்றி மேஜைமேல் வைத்தார். ஜெபக்கனி ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, "காத்து சூடாகுதுல்லாப்பா, விரியும். டயருக்குள்ள எடம் பத்தாது" என்றாள். இருவரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவிடம் சொல்ல அவளுக்கு அவ்வளவு இருந்தது.

அம்மா வழி முழுக்க என்னைத் திட்டினாள். என் பட்டையைக் கழற்றவில்லை. எண்பத்திரண்டை யார் கழற்றுவார்கள்?

திங்கட்கிழமை முதல் பீரியட் கணக்கு. ஜெபக்கனியின் இடம் காலி. பால்துரை சார் ஒரு கணக்குக் கொடுத்தார். நான்தான் முதலில் முடித்தேன். "சார், முடிச்சிட்டேன்" என்று எழுந்து நின்றபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. விட்டது சனியன் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது தமிழ். முறுக்கு இல்லை.

மூன்றாவது அறிவியல். ஆய்வக மேஜையில் என் பக்கத்தில் யாரும் இல்லை. சோதனைக்குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஊற்ற ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்க முடியவில்லை. குழாயை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து, வகுப்பே பார்க்கும்படி, சத்தம் போட்டு அழுதேன். ஜெபக்கனி, ஜெபக்கனி என்று பேரைச் சொல்லி அழுதேன்.

அறிவியல் மிஸ் நல்லவர். பக்கத்தில் வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அழாதம்மா. இன்னும் கொஞ்ச நேரந்தான். பெல் அடிச்சாச் சரியாயிரும்."

பெல் அடித்தது. சரியாகிவிட்டது.